சரித்திரத்திற்கும் ஒரு பங்கு
கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ச் சங்கங்களின் செயலவையினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தலைவர்களே, செயலாளர்களே, பொருளாளர்களே, அறங்காவலர்களே,

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் தமிழ்ச் சங்கம், இசைச் சபை, நாடக மன்றம், வாசகர் வட்டம், ஆலய நிர்வாகம் எனப் பல நாமங்களில் இயங்கி, ஊதியமென்று ஒரு காசும் பெறாமல், பகற்பொழுதைத் தொழிலுக்கும் மாலைப்பொழுதைச் சமூகத்திற்கும் ஈந்து வரும் தங்கள் அனைவருக்கும், அச்சங்கங்கள் சிலவற்றில் நெடுங்காலமாகச் சந்தா செலுத்தி வரும் உறுப்பினன் ஒருவனுடைய வணக்கம். தனித்தனியே எழுதினால் ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குப் புகாராகத் தோன்றுமாதலால், எல்லோருக்கும் பொதுவாக, எல்லோரும் படிக்கும்படி இம்மடலை எழுதத் துணிந்தேன்.

நம் சங்கங்களின் ஓராண்டு எவ்விதம் கழிகிறதென்பது தாங்கள் அறியாததன்று. மானியத்திற்கு விண்ணப்பிக்கிறோம், அமைச்சர் அலுவலகத்திலும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலும் காத்திருக்கிறோம், ஒரு நாள் மேடையில் ஆளுயர மாதிரிக் காசோலையைப் பலரும் விளிம்பைப் பற்றி நிற்கப் படமெடுத்துக்கொள்கிறோம், அந்தப் பணம் மண்டப வாடகையாகவும் ஒலிபெருக்கிக் கட்டணமாகவும் பொன்னாடையாகவும் இரவு உணவாகவும் உருமாறி, நிகழ்ச்சி முடிந்து நாற்காலிகள் அடுக்கப்படும் வேளையில் தீர்ந்துவிடுகிறது. நிகழ்ச்சி வேண்டாமென்பது என் அபிப்பிராயமன்று. பாட்டும் கூத்தும் சொற்பொழிவும் இல்லாத சமூகம் வெறும் ஜனத்தொகை. ஆயினும் இத்தனை ஆண்டுகளாக இத்தனை வெள்ளி செலவிட்டு நாம் நடத்தியவற்றுள் எதை எடுத்து அடுத்த தலைமுறையின் கையில் கொடுக்கப் போகிறோம் என்று கேட்டால், கைப்பேசிகளில் சிதறிக் கிடக்கும் சில படங்களைத் தவிர வேறு விடை நம்மில் பலருக்கு இல்லை. கலைக்கென்று திரளும் ஒவ்வொரு வெள்ளியிலும் சரித்திரத்திற்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதும், அவ்விதம் சரித்திரத்தைக் காத்துவைத்த சமூகமே அரசாங்கத்தினிடம் தன் கலைக்குரிய பங்கை நிமிர்ந்து நின்று கேட்க முடியும் என்பதுமே இம்மடலின் உத்தேசம்.

முதலில் பிரிக்பீல்ட்ஸை எடுத்துக்கொள்வோம். 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துக் கோலாலம்பூரைச் சூறையாடிய பிறகு, அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரத்தைத் திரும்பக் கட்ட வேண்டுமென்று அக்கால நிர்வாகம் கட்டளையிட்டபோது, சூளைகள் எழுந்த நிலப்பரப்பு அது. 1886-ல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்த இரயில் பாதை திறக்கப்பட்டதன் பின்னர், தண்டவாளத்திலும் பணிமனையிலும் அலுவலகத்திலும் உழைக்க வந்த தமிழ்நாட்டுத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அங்கே குடியேறி, கோயிலும் பள்ளியும் ஆசிரமமும் சபையும் அமைத்தனர். ஸ்காட் சாலையிலுள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோயில் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலை நினைவில் கொண்டு எழுந்தது. விவேகானந்த ஆசிரமம் 1904-ல் கட்டப்பட்டது. சங்கீத அபிவிருத்தி சபை 1923-ல் தோன்றியது. அன்றைய இரயில் நிலத்தின் ஒரு பகுதியில்தான் 2001-ஆம் ஆண்டு முதல் கே.எல். சென்ட்ரல் நின்றுகொண்டிருக்கிறது.

இன்று அவ்வட்டாரத்தில் இறங்கும் வெளியூர் யாத்திரிகன் எதைக் காண்கிறான்? 2010 அக்டோபரில் மலேசியா, இந்தியா ஆகிய இரு நாட்டுப் பிரதமர்களும் திறந்துவைத்த லிட்டில் இந்தியாவின் வண்ண வளைவுகளைக் காண்கிறான். 2015 நவம்பரில் இந்திய அரசாங்கத்தின் அன்பளிப்பாகத் திறக்கப்பட்ட, சாஞ்சி ஸ்தூபியின் வாயிலைப் பின்பற்றிய தோரண வாயிலையும் காண்கிறான். நட்பின் சின்னமென்ற வகையில் அதற்குரிய மரியாதையை நான் குறைக்கவில்லை. எனினும், பௌத்த சிற்பத்தின் சாயலில் அமைந்த அந்த வாயில், இரயில்வேக் குடியிருப்பில் வாழ்ந்து மடிந்த தமிழ்த் தொழிலாளியைப் பற்றி என்ன சொல்லும்? அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு புதுடில்லிக்கு உரியதன்று. தெருவுக்குத் தெரு அலுவலகம் வைத்திருக்கும் நமக்கே உரியது. நாம் சொல்லாமல் விட்ட இடத்தைப் பிறர் தமக்குத் தெரிந்ததைக் கொண்டு நிரப்பியதில் வியப்பில்லை.

கிள்ளானுக்கு வந்தால் இந்த மௌனம் இன்னும் கனத்தது. 1941-ஆம் ஆண்டில், யுத்தத்தின் பொருட்டு ரப்பருக்கு நல்ல விலை கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில், இவ்வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முதலானோரின் தலைமையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்வைத்த கோரிக்கைகளைப் படிப்பவர்களின் நெஞ்சு இன்றும் பதறும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டுமென்றனர். கள்ளுக்கடையை மூட வேண்டுமென்றனர். பிள்ளைகளுக்குத் தக்க கல்வியும், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமையும் வேண்டுமென்றனர். இவற்றோடு, துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டுமென்ற அவமானத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கையாக இருந்தது. கூலிப் பிரச்சினையோடு கௌரவத்தையும் சேர்த்துக் கேட்ட அந்த மனிதர்களுக்குக் கிடைத்த விடை, மே மாதத்தில் நாதனின் கைதும், அதையடுத்து ராணுவமும் துப்பாக்கிச் சூடும், தொழிலாளர் சிலரின் மரணமும், நாதனின் நாடுகடத்தலுமாகும்.

இச்சம்பவத்தை ஆராய்வோர் பெரிதும் நாடிச் செல்வது லண்டனில் பாதுகாக்கப்படும் காலனி அலுவலகக் கோப்புகளை. சுட்டவர்களின் கடிதப் போக்குவரத்து, தேதியும் முத்திரையும் வரிசை எண்ணும் பெற்றுப் பத்திரமாக இருக்கிறது. சுடப்பட்டவர்களின் குரலை அந்தக் கோப்புகளுக்குள்ளேயே, அவர்களைக் குற்றவாளிகளாகக் கருதியவர்களின் எழுத்து வழியாகத்தான் ஊகித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. காகிதத்தைக் காத்தவன் சரித்திரத்தை எழுதுகிறான். காக்காதவன் அதில் எழுதப்படுகிறான். ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக்குத் துணி வாங்கச் செல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, இதே ஊரில் தம் பாட்டனார் சைக்கிளில் அமர்ந்தபடியே சாலையைக் கடக்கும் உரிமைக்காகப் போராடினார் என்பது தெரியும்?

நம் முன்னோர் ஏழைகளாக இருந்தார்களேயன்றிக் கொடாதவர்களாக இருக்கவில்லை. இந்நாட்டுத் தமிழ்க் கலை ஸ்தாபனங்களின் நிதி வரலாறு, அரசாங்க மானியத்தில் தொடங்கியதன்று, சந்தாவில் தொடங்கியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டுமென்று 1950-களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதி இயக்கத்தை நடத்தியபோது, சிங்கப்பூரிலும் மலாயாவிலும் சாமான்யர்களே தம் வெள்ளிகளைக் கொண்டுவந்து கொடுத்தனர். 1956-ல் இந்திய இயல் துறை தோன்றியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த வேளையில், 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், பால்மரத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்களையே வாங்கியது. அச்சங்கத்தின் மண்டபத்தில் இன்று நம் நூல்கள் வெளியீடு காண்பதும், அதன் தலைவராக விளங்கிய டான் ஸ்ரீ கே.ஆர். சோமசுந்தரம் பெயரிலான அறவாரியம் எழுத்தாளர்களுக்குப் பரிசளித்ததும், மரத்தை வெட்டித் தீர்க்காமல் பால் எடுக்கத் தெரிந்தவர்கள் சேர்த்த முதலின் பயன்களே.

பழைய ஆண்டு மலர் ஒன்றை எடுத்து, வாழ்த்துரைகளையும் விளம்பரங்களையும் தள்ளிக் கடைசிப் பக்கங்களுக்குச் செல்லுங்கள். பொடி எழுத்தில், இரண்டு பத்தியாக, நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், அதன்கீழ் ஆட்களின் பெயர்கள், எதிரே வெள்ளியும் காசும். தகப்பன் பெயரின் முதலெழுத்துக்கூட இல்லாமல் வெறும் முனியம்மா என்றும் வெறும் வீராசாமி என்றும் நிற்கும் பெயர்கள். சரித்திர நூல்களுள் எதிலும் இடம்பெறாத அம்மனிதர்கள் அச்சில் தோன்றிய ஒரே இடம் பெரும்பாலும் அப்பக்கமாகவே இருக்கும். அம்மலரின் ஒரு பிரதியும் தங்கள் சங்கத்து அலமாரியில் இல்லையென்றால், இழந்தது பழைய காகிதம் மட்டுமன்று. கொடுத்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனின் ரசீதையே இழந்தவர்களாகிறோம்.

ஒரு நிகழ்ச்சி எவ்விதம் நூலாகி நிற்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சிறந்த உதாரணம் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்குத் தலைமை வகித்த தனிநாயக அடிகளின் பெருமுயற்சியால் 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது; பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதைத் தொடங்கிவைத்தார். கூடியவர்கள் கலைந்து ஏறத்தாழ அறுபதாண்டுகள் ஆகின்றன. எனினும், அதன் கட்டுரைகள் இரண்டு பெருந்தொகுதிகளாக அச்சேறியமையால், அன்று பேசப்பட்டவை இன்றும் உலகத்து நூலகங்களில் மேற்கோள் காட்டப்படுகின்றன. மாநாட்டுக்கு ஆகும் செலவில் கட்டுரைத் தொகுதிக்கு ஆகும் செலவையும் முதல் நாளிலேயே சேர்த்து எண்ணிய அந்த நிர்வாகச் சிரத்தையே நான் தங்களிடம் யாசிப்பது.

மாறாக, சிரத்தை குறைந்தால் நேருவது என்ன என்பதற்கும் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றது. ஒரு நாளிதழ் நின்றுபோவது வியாபார விஷயம். ஆயின் ஏறத்தாழ நூறாண்டு காலம் நம் பிறப்பையும் இறப்பையும் கூட்டத்தையும் கூச்சலையும் பதிவு செய்த ஏட்டின் பழைய இதழ்களைத் தாமதமின்றித் தேடி எடுத்துத் தொகுப்பது பொது விஷயம். அது நின்ற நாளில் இரங்கல் தெரிவித்த நாம், தத்தம் சங்கத்து அலமாரிகளில் அதன் எந்தெந்த இதழ்கள் கிடக்கின்றன என்று பட்டியலிடவாவது முனைந்திருக்க வேண்டாமா?

இனி அரசாங்கத்தின் பக்கம் வருகிறேன். 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாடு, நாட்டின் பண்பாடு இவ்வட்டாரத்துப் பூர்வீகப் பண்பாட்டை அடிப்படையாகக் கொள்ளுமென்றும், பிற பண்பாடுகளில் பொருத்தமான அம்சங்கள் ஏற்கப்படலாமென்றும், இஸ்லாம் முக்கியக் கூறாக விளங்குமென்றும் மூன்று கோட்பாடுகளை வகுத்தது. அதன் விளைவாகத் தமிழில் எழுதப்படும் இலக்கியம், இம்மண்ணைப் பற்றியே எழுதப்பட்டாலும், தேசிய இலக்கியமென்ற வரம்புக்கு வெளியே ஒரு சமூகத்தின் இலக்கியமாகவே கருதப்பட்டு வந்திருக்கிறது. ஜப்பானியர் காலத்துச் சயாம் இரயில் பாதையின் கொடுமையை அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்ற நாவலாக எழுதினார், ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார். இவை இந்நாட்டு ஜனங்கள் இந்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மடிந்த கதைகள். இவை தேசிய சரித்திரமன்றென்றால் வேறு எது?

இந்நிலையின் நடைமுறைப் பலன் யாதெனில், நமக்கு வரும் பணத்தின் பெரும்பகுதி கலைக்கென்று வைக்கப்பட்ட பையிலிருந்து வருவதில்லை. ஆண்டுக்குப் பத்துக் கோடி வெள்ளி ஒதுக்கீடு பெற்றுவந்த மித்ரா என்னும் அரசாங்கப் பிரிவு, 2018-ல் செடிக் என்ற முந்தைய பிரிவின் இடத்தில் அமைக்கப்பட்டபோது, இந்தியச் சமூகத்தின் சமூகப் பொருளாதார மேம்பாட்டையே நோக்கமாகக் கொண்டது. அந்நோக்கத்தை யாரும் குறைகூற முடியாது. ஆனால் பரதமும் நாதஸ்வரமும் நாடகமும் நூல் வெளியீடும் அதே வாசலில் தையற்பயிற்சியோடும் பாலர் பள்ளியோடும் வரிசையில் நிற்கும்போது, கலை ஓர் உபகாரச் சம்பளமாகச் சிறுத்துவிடுகிறது. கொடுப்பவருக்குத் தாராளம், பெறுபவருக்கு நன்றிக்கடன் என்ற உறவு நிலைபெற்றுவிடுகிறது. கலைக்கென்றே 2017-ல் அமைக்கப்பட்ட செண்டானா போன்ற ஸ்தாபனங்களும் இந்நாட்டில் உண்டு. அங்கே விண்ணப்பிப்பவனிடம் இதுவரை என்ன செய்தாய், அதற்குச் சான்று என்ன, செலவுக் கணக்கு என்ன, பார்த்தவர்கள் யார் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு விடையெழுத, ஐம்பதாண்டுப் பாரம்பரியமுள்ள ஒரு சபையிடம் ஐந்தாண்டு ஆவணமாவது இருக்கிறதா? நமக்குத் திறமை குறைவென்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. சாட்சிதான் குறைவு.

பழமையைக் காக்க நிதி ஒதுக்காத இடத்தில் விவகாரம் எழும்போது நேரும் சங்கடத்தையும் கண்டோம். விவேகானந்த ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014-ல் வெளியானபோது, பழைய கட்டடத்தையும் அதன் பணிகளையும் வருவாயின்றி நடத்துவது எவ்விதம் என்ற வினா ஒரு பக்கத்தில் எழுந்தது. பொதுமக்களின் நன்கொடையில் எழுந்த கட்டடத்தின்மீது பொதுமக்களுக்குச் சொல்லுரிமை இல்லையா என்ற வினா மறுபக்கத்தில் எழுந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டத்தின்கீழ் அதைப் பாதுகாக்க அரசாங்கம் முன்வந்தது. அந்த விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்பளிக்க நான் வரவில்லை. இரண்டு வினாக்களும் நியாயமானவையே. ஆனால் ஒன்றை மறக்கலாகாது: பழமையைக் காப்பதற்கும் பணம் வேண்டும் என்ற முதல் வினாவுக்கு நம் சமூகம் முன்கூட்டியே விடை தேடியிருந்தால், இரண்டாம் வினா தெருவுக்கு வந்திராது.

பிற நாட்டுத் தமிழர் என்ன செய்தனர்? செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர், புத்தகங்களோடு நாடக நோட்டீசையும் அழைப்பிதழையும்கூடத் தள்ளாமல் சேர்த்துவைத்தார். அச்சேகரமே 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட ஈழத்தமிழர், யுத்தம் ஓயாத காலத்திலேயே 2005-ல் நூலகத் திட்டத்தைத் தொடங்கி, கோயில் மலர் முதல் துண்டுப் பிரசுரம் வரை எண்ணிம வடிவில் ஏற்றி யாவரும் படிக்க வைத்தனர். அதை நடத்துவது பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பும் பொதுமக்களின் நன்கொடையும். சிங்கப்பூரில் 2015-ல், தமிழ் ஆர்வலர் குழுவொன்று தேசிய நூலக வாரியத்தோடு கைகோத்து, அந்நாடு விடுதலை பெற்ற 50 ஆண்டுக் காலத்துத் தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்தியது; அதே ஆண்டில் இந்திய மரபுடைமை நிலையமும் திறக்கப்பட்டது. முதலில் தனிமனிதர், இரண்டாவதில் சமூகம், மூன்றாவதில் அரசாங்கமும் சமூகமும் சேர்ந்து. மூன்று வழிகளில் எந்த வழியும் நமக்கு அடைபட்டதன்று.

ஆகவே தங்கள் முன் நான்கு விண்ணப்பங்களை வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு நிகழ்ச்சியின் வரவு செலவுத் திட்டத்திலும் நூற்றுக்கு 5 பங்கை ஆவணத்திற்கென்று தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். 20,000 வெள்ளி விழாவில் அது 1,000 வெள்ளி. சில பொன்னாடைகளும் ஒரு வரவேற்பு வளைவும் குறைந்தால் அத்தொகை கிடைத்துவிடும். குறைந்ததை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

இரண்டாவது, தங்களிடமுள்ள நிகழ்ச்சிக் குறிப்பேடு, ரசீதுக் கட்டை, மலர், அழைப்பிதழ், புகைப்படம் ஆகியவற்றுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். பட்டியல் இருந்தால்தான் காணாமற்போனது தெரியும். பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டுமென்று 1966-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருப்பதால் அதை மட்டும் தவறாமல் செய்கிறோம். அரசாங்கத்துக்கு அனுப்பும் அதே சிரத்தையோடு பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி வையுங்கள். புதிதாக அச்சிடும் மலருக்கும் நூலுக்கும் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய நூலகத்துக்கு அளிக்க வேண்டிய 5 பிரதிகளை அளித்துவிடுங்கள். கோலாலம்பூரின் அரசாங்க அலமாரியில் செலவின்றி நமக்குக் கிடைக்கும் இடம் அது.

மூன்றாவது, எல்லாச் சங்கங்களும் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு பொது ஆவண அறையையும் கிள்ளானில் அதன் கிளையையும் ஏற்படுத்துங்கள். தனிக் கட்டடம் வேண்டாம். காற்றோட்டமும் கறையான் அண்டாத அலமாரியும், படியெடுக்கும் கருவியும், ஊதியம் பெறும் ஒரு பயிற்சி பெற்ற ஊழியரும் போதும். ஊதியம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தன்னார்வலர் மனம் மாறினால் அலமாரியும் பூட்டப்படுகிறது. கேரித் தீவிலும் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களிலும் வாழ்ந்து, இன்று நகரத்து அடுக்குமாடிகளில் பிள்ளைகளோடு வசிக்கும் முதியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்வது அவ்வூழியரின் முதற்பணியாகட்டும். காகிதம் இன்னும் பத்தாண்டு காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

நான்காவது, அரசாங்கத்தினிடம் கேட்கும் முறையை மாற்றுங்கள். தனித்தனியே அமைச்சரின் கதவைத் தட்டுவதை விடுத்து, கூட்டாக, கலை என்ற பெயரிலும் பொதுச் சரித்திரம் என்ற பெயரிலும், மத்திய அரசாங்கத்திடமும் சிலாங்கூர் அரசாங்கத்திடமும் பல ஆண்டுகளுக்குரிய நிதியைக் கோருங்கள். பெற்ற பணத்துக்குரிய கணக்கை யாரும் கேட்குமுன்னரே வெளியிடுங்கள். கிள்ளானில் 1941-ஐப் பற்றிய ஒரு விளக்கப் பலகையை மாநகர் மன்றத்திடம் கேட்பது அதற்கு நல்ல தொடக்கம்.

தாங்கள் சொல்லாமல் மனத்தில் வைத்துக்கொள்ளும் ஓர் ஆட்சேபத்தையும் நான் அறிவேன். பழைய குறிப்பேடுகளைத் திறந்தால் பழைய சண்டைகளும் திறந்துகொள்ளும். யார் யாரை நீக்கினார், எந்தத் தேர்தலில் எந்த வாக்குச் சீட்டு தொலைந்தது, யாழ்ப்பாணத்தாரும் இந்தியத் தமிழரும் எதற்காகப் பிரிந்து அமர்ந்தனர், எந்தச் சாதியார் எந்தக் கோயிலின் படியில் நின்றனர் என்பதெல்லாம் வெளிவந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்குப் பரிகாரம் உலகெங்குமுள்ள ஆவணக் காப்பகங்கள் கையாளும் வழக்கந்தான்: இத்தனை ஆண்டு வரை மூடி வைப்பது, அதன்பின் திறப்பது. 30 ஆண்டு என்று விதி செய்யுங்கள். எரிப்பது மட்டும் கூடாது. சண்டையும் சரித்திரமே, சண்டையிட்டுக்கொண்டாவது சபையை நடத்தினார்கள் என்பது நம் முன்னோருக்கு இழுக்காகாது.

இவையனைத்தையும் ஒரே நாளில் நிறைவேற்றுமாறு நான் வேண்டவில்லை. தங்கள் சங்கத்தின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், தலைவர் உரைக்கும் கணக்கறிக்கைக்கும் பின்னர், கீழ்க்காணும் தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்த்தால் போதும்: இச்சங்கம் தன் ஆவணங்களுக்கு இவ்வாண்டுக்குள் பட்டியல் தயாரிக்கும், அப்பட்டியலை உறுப்பினர் யாவரும் காண வைக்கும், நிகழ்ச்சிச் செலவில் நூற்றுக்கு 5 பங்கை ஆவணக் கணக்கில் சேர்க்கும், பொது ஆவண அறை அமைக்கக் கூடும் கூட்டத்துக்கு இரண்டு பிரதிநிதிகளை அனுப்பும். முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் வேண்டும். நான் உறுப்பினனாக உள்ள சங்கங்களில் முன்மொழிய நானே எழுந்து நிற்பேன். வழிமொழியும் கைகளைத் தங்களிடம் எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் சங்கங்களின் சந்தா உறுப்பினன் ஒருவன்,
கிள்ளான்.